நுரைக்கு எத்தனை ஸ்டாப்?

பி.காம். படித்தவனுக்குக் காமிரா சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன். எஃப் நம்பரைப் பெரிசாக்கினால் லென்ஸின் துளை சின்னதாகிறது! எட்டில் வரும் வெளிச்சத்தில் பாதிதான் பதினொன்றில் வருமாம். உள்ளே வருவதை டெபிட் என்று எழுதச் சொன்ன அக்கவுண்டன்ஸி வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார்.

ஓசூர்க்காரனுக்கு இயற்கைக்கா பஞ்சம்? சிப்காட்டிலிருந்து பைக்கில் கொஞ்ச தூரம் போனால் சானமாவு காடு. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்திலிருந்து யானைக் கூட்டம் வரும். (படம் எடுக்கப் போகிறவர்கள் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிவிட்டுப் போகவும்.) எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஒரு ஞாயிறு காலை செகண்ட்ஹாண்ட் காமிராவும் புது போலரைசர் ஃபில்டருமாகக் கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன்.

போலரைசர் என்பது லென்ஸ் முன்னால் மாட்டித் திருகுகிற கண்ணாடி. தண்ணீரின் பளபளப்பை அழித்துவிடும். சூரியன் தோள்பக்கம் இருந்தால் வானத்தையும் கருநீலமாக்கும். கூலி மட்டும் ஜாஸ்தி, ஒன்றரை ஸ்டாப். நூறு ரூபாய் வெளிச்சத்தில் அறுபத்தைந்து ரூபாய் டி.டி.எஸ். பிடித்துக்கொள்ளும். 500-ல் இருந்த ஷட்டர் 180-க்கு இறங்கிவிட்டது. 200 எம்.எம். லென்ஸை அந்த வேகத்தில் கையில் பிடித்தால் கொக்கு ஆவியாகத்தான் தெரியும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன்.

மதகுக்குக் கீழே மலை மலையாக வெள்ளை நுரை. ஊட்டியில்கூட இப்படிப் பனி பார்த்ததில்லை. ஃபில்டரைத் திருகினேன். தண்ணீரின் பளபளப்பு போயிற்று; அடியில் இருந்த கறுப்பு தெரிந்தது. நுரை மட்டும் போகவில்லை. அது பிரதிபலிப்பு இல்லையே!

முதல் படத்தில் நுரை சாம்பலாக விழுந்தது. காமிராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளை வெள்ளையாக வர ப்ளஸ் ஒன்று வைக்க வேண்டும். வைத்தேன். சுவிட்சர்லாந்து!

பக்கத்தில் தக்காளித் தோட்டத்துப் பெரியவர் நின்றிருந்தார். பெருமையாகத் திரையைக் காட்டினேன்.

“இவ்ளோ வெள்ளையா இல்லியே சார்,” என்றார். அப்புறம், “நாத்தம் வருமா, படத்துல?”

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூரு ஓரமாக வருகிறது. வழியில் சேரும் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும், மதகிலிருந்து விழும்போது அடித்த முட்டை மாதிரி நுரைக்கின்றன. தரைப்பாலத்தையே மூடிய நாட்கள் உண்டு. இந்தத் தண்ணீர்தான் அவர் வாய்க்காலுக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்து படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் யானைகளை எடுத்தார். தோலின் சுருக்கம்கூடத் தெரியும். என் படத்தில் நுரை இன்னும் அழகாகிவிட்டது. சனியன்.

அடுத்த ஞாயிறு ஃபில்டரை வீட்டில் வைத்துவிட்டு, 18 எம்.எம். லென்ஸோடு போனேன். எஃப் பதினொன்று, ப்ளஸ் எதுவும் வைக்கவில்லை. நுரை, வாய்க்கால், தோட்டம், மூக்கில் துண்டைப் பொத்திய பெரியவர், எல்லாம் ஒரே படத்தில்.

வாங்கிப் பார்த்தார். “நான் நல்லாத் தெரியறேன். தக்காளியத்தான் மறைச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.