‘மாறு’வதும் ‘மாற்று’வதும்: ஓர் ஆங்கில வினையும் நம் பிள்ளைகளும்



ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் வாடையே வீசக் கூடாது என்னும் குரல் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. தமிழ் கலந்தால் ஆங்கிலம் கெட்டுவிடுமாம்! பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஒரு நிலையத்தில், தமிழில் பேசும் பிள்ளையிடம் இருபது சென் தண்டம் வாங்குகிறார்கள் என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் பெருமையோடு சொன்னார். பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லைக் கொண்டு இந்த வாதத்தை உரசிப் பார்ப்போம். அச்சொல் ‘சேஞ்ச்’.

பிள்ளைகளின் சொற்பட்டியல் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். ‘சேஞ்ச் – மாற்று’ என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். அதை ஐந்து முறை எழுதி, மனனம் செய்து, சொல்வதெழுதுதலில் முழுப் புள்ளி வாங்கிய மாணவன், கட்டுரையில் “தி வெதர் வாஸ் சேஞ்ச்ட்” என்று எழுதுகிறான். உடனே சிவப்பு மை பாய்கிறது. “தமிழில் சிந்திப்பதால் வரும் கேடு” என்று குற்றச்சாட்டும் எழுகிறது.

உண்மை என்ன? அந்த மாணவன் மிகத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறான். ‘வானிலை மாறியது’ என்பது அவன் சொல்ல வந்த கருத்து. ‘மாறியது’ வேறு, ‘மாற்றியது’ வேறு என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அவனிடம் நாம் கொடுத்ததோ ‘மாற்று’ என்னும் பொருள் மட்டுமே. வானிலை எதையும் மாற்றவில்லையே! ஆகவே ‘மாற்றப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையாக்கி எழுதினான். தவறு அவனுடைய தமிழில் இல்லை. பாதிப் பொருளை மட்டும் எழுதிவைத்த பட்டியலில் இருக்கிறது.

நம் மொழியில் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. மாறு – மாற்று, உருகு – உருக்கு, திரும்பு – திருப்பு, திருந்து – திருத்து. ஓரெழுத்து இரட்டித்தோ மெல்லினம் வல்லினமாகியோ செயலின் உரிமையாளரையே காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தின் ‘சேஞ்ச்’ இந்த வேறுபாட்டை வடிவத்தில் காட்டாது. ‘மெல்ட்’, ‘டர்ன்’ ஆகியவையும் அப்படியே. பனிக்கட்டி உருகினாலும் ‘மெல்ட்’, நாம் அதை உருக்கினாலும் ‘மெல்ட்’. வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். “தமிழில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று” என்று கரும்பலகையில் எழுதிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத் தமிழுக்குத்தான் தண்டம் விதிக்கிறார்கள்!

நம் பிள்ளைகள் மும்மொழி கற்பவர்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். மலாயில் ‘உபா’ என்னும் அடிச்சொல்லோடு ‘பெர்’ சேர்ந்தால் தானே மாறுவது. ‘மெங்’ சேர்ந்தால் ஒன்றை மாற்றுவது. ஆக, தன்வினை பிறவினையில் மலாயும் தமிழும் ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம். இன்னொரு வேறுபாடும் உண்டு. தன்மையை மாற்றினால் பெரும்பாலும் ‘உபா’. ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் ‘துக்கார்’. திட்டத்தை மாற்றுவதும் காரின் டயரை மாற்றுவதும் மலாயில் வெவ்வேறு. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஒரு மொழி மட்டும் அறிந்த பிள்ளைக்கு இந்த ஒப்பீடு எங்கே கிடைக்கும்?

அடுத்து ‘கொள்’ என்னும் துணைவினை. ‘சட்டையை மாற்றிக்கொண்டான்’, ‘மனத்தை மாற்றிக்கொண்டான்’ என்கிறோம். செயலின் பயன் செய்தவனையே சேர்கிறது. ஆங்கிலத்தில் “ஐ நீட் டு சேஞ்ச்” என்றால் உடை மாற்ற வேண்டும் என்றும் பொருள்படும்; நான் திருந்த வேண்டும் என்றும் பொருள்படும். இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். நீச்சல் குளத்தருகே ஒருவர் இதைச் சொன்னால் நாம் அறிவுரை வழங்கத் தொடங்கிவிடக் கூடாது! கடையில் மிச்சமாகத் தரும் சில்லறையும் ‘சேஞ்ச்’ தான். ‘மாற்று’ என்று மனனம் செய்தவன் அங்கே விழிக்க வேண்டியதுதான்.

2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியதை மறந்திருக்க மாட்டோம். “ஐஸ் சேஞ்சஸ் இன்டு வாட்டர்” என்று பிள்ளைகள் அறிவியல் ஏட்டில் பிழையின்றி எழுதினார்கள். அதே வினை கட்டுரையில் வந்தபோது தடுமாறினார்கள். வாக்கியம் மனத்தில் பதிந்தது, வினை பதியவில்லை. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் முக்கியெடுத்தால் ஆங்கிலம் ஒட்டிக்கொள்ளும் என்னும் நம்பிக்கை மட்டும் கைவிடப்படவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுக்காக மனனம் என்ற சாக்கும் போய்விட்டது, மனனம் போகவில்லை.

“ஐரோப்பிய அளவுகோலுக்கு ஏற்பக் கற்பிக்கிறோம், ஆகவே தமிழ் வேண்டாம்” என்பவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட அந்த அளவுகோல் பன்மொழித் திறனைப் போற்றுகிறது. ஒரு மொழியில் அறிந்ததை இன்னொரு மொழிக்குக் கொண்டு செல்வதையும் அது திறனாகவே கருதுகிறது. மூல நூலே தடுக்காத ஒன்றை நாம் ஏன் தடுக்கிறோம்?

ஆங்கிலப் பாடம் முழுவதையும் தமிழில் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தை நிறையக் கேட்க வேண்டும், நிறையப் பேச வேண்டும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடே கிடையாது. ஆனால், முடிச்சு விழும் இடத்தில் அதை அவிழ்க்கும் கருவி பிள்ளையின் கையிலேயே இருக்கும்போது, அதைப் பிடுங்கி வைப்பது என்ன கற்பித்தல்?

பெற்றோர்களே, இன்று மாலை பிள்ளையின் சொற்பட்டியல் ஏட்டைத் திறந்து பாருங்கள். ‘சேஞ்ச் – மாற்று’ என்றிருந்தால் பக்கத்தில் ‘மாறு’ என்றும் எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒவ்வோர் ஆங்கில வாக்கியம் கேளுங்கள். ஆசிரியர்களே, தமிழ்ப் பாடத்தில் தன்வினை பிறவினை நடக்கும் வாரத்திலேயே ‘சேஞ்ச்’, ‘மெல்ட்’, ‘டர்ன்’ ஆகிய வினைகளை ஆங்கிலப் பாடத்திலும் வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். அவர் தமிழ் அறியாதவராக இருந்தால் மலாய் ‘உபா’விலிருந்து தொடங்கலாம். ‘பிகம்’ என்னும் வினையை ‘ஆகு – ஆக்கு’ கொண்டு விளக்கும் முறையை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.