எங்கேடா இடிச்சுக்கிட்ட?

ஆனி மாதப் பௌர்ணமி வந்தால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலாவின்போது வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். அதைப் பிடிக்கக் கீழே பெருங்கூட்டம் முண்டியடிக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பலருடைய தோளிலும் முழங்கையிலும் நீலமாகக் கன்றிப் போயிருக்கும். அதற்காக யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்படத் தேவையும் இல்லை.

ஆனால் அடியே படாமல் உடம்பில் அப்படி ஒரு நீலம் தெரிந்தால்? அதற்கும் யாரும் கவலைப்படுவதில்லை. பிரச்சினையே அங்குதான் இருக்கிறது.

ரத்தக்கட்டு என்பது என்ன?

அடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன. கசிந்த ரத்தம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. உடல் அந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து அப்புறப்படுத்தும். அதனால்தான் முதலில் சிவப்பாகவும் நீலமாகவும் இருப்பது பிறகு பச்சையாகி, மஞ்சளாகி மறைகிறது. பொதுவாக 2 வாரங்களில் சரியாகிவிடும். கறுத்த தோலில் இந்த நிறங்கள் எளிதில் தெரியாது. அங்கே வீக்கத்தையும் வலியையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

இதற்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். காலில் என்றால் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். 2 நாட்கள் கழித்து வெந்நீர் ஒத்தடம். அவ்வளவுதான்.

ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? அடிபட்ட உடனே எண்ணெய் விட்டு அழுத்தி நீவுகிறார்கள். உடைந்த குழாயைத் தேய்த்தால் கசிவு கூடத்தான் செய்யும். நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் வாங்கிப் பற்றுப் போடுபவர்களும் உண்டு. போடட்டும். நீவாமல் இருந்தால் போதும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, கை காலை அசைக்க முடியாவிட்டாலோ, தலையில் அடி என்றாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ரசீது இல்லாத செலவு

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ரசீது உள்ள செலவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தணிக்கையாளர் பயப்பட மாட்டார். ரசீது இல்லாத சின்னச் செலவைத்தான் தோண்டித் துருவிக் கேட்பார். ரத்தக்கட்டும் அப்படித்தான். காரணம் தெரிந்த பெரிய கன்றலை விட, காரணம் தெரியாத சின்னப் புள்ளி ஆபத்தானதாக இருக்கலாம்.

1. டெங்கு: வடகிழக்குப் பருவமழை முடியும் நேரத்தில் டெல்டாவில் காய்ச்சல் பரவும். காய்ச்சலோடு தோலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் வந்தால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்க வேண்டும். கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத புள்ளி, ரத்தக் கசிவின் அடையாளம். காய்ச்சல் விட்டவுடன் பிழைத்தோம் என்று நினைப்பது தவறு. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது.

2. மாத்திரைகள்: ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. இதய நோயாளிகள் அவற்றைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. புதிதாகக் கன்றல்கள் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

3. மது: ரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. பல வருடக் குடியில் கல்லீரல் கெட்டால் லேசாகத் தொட்டாலே கன்றும். மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

4. பாம்புக்கடி: வயலில் கண்ணாடி விரியன் கடித்தால் அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. கடித்த இடம் வீங்கும். ஈறில் ரத்தம் கசியலாம். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு. விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போவதே வழி.

5. குழந்தைகள்: தவழும் ஆண் குழந்தைக்கு அடிக்கடி கன்றினாலோ மூட்டு வீங்கினாலோ ஹீமோஃபிலியாவாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளையும் இயங்குகிறது. தட்டணுக்களை எண்ணும் பரிசோதனை மிகச் சாதாரணமானது. ஆனாலும் காய்ச்சல் வந்தால் முதலில் போவது மருந்துக் கடைக்கு. அங்கே வாங்கும் வலி மாத்திரையில் ஆஸ்பிரினோ இப்யூபுரூஃபெனோ இருந்தால், டெங்கு நோயாளிக்கு ரத்தக் கசிவு இன்னும் மோசமாகலாம். "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்பதும் அப்படித்தான். தட்டணு குறைந்தவருக்குத் தசையில் போடும் ஊசியே ஒரு ரத்தக்கட்டு ஆகிவிடும். மழைக்காலத்தில் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளைக் கொடுப்பதில்லை என்று மருந்துக் கடைக்காரர்கள் முடிவெடுத்தாலே பெரிய உதவி.

பிள்ளையின் கையில் நீலத்தைக் கண்டதும் எந்த அம்மாவும் முதலில் கேட்பது, "எங்கேடா இடிச்சுக்கிட்ட?" என்றுதான். எந்த மருத்துவரும் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. "படியில இடிச்சுக்கிட்டேன்மா" என்று பதில் வந்தால் ஐஸ் வைத்தால் போதும். "தெரியலம்மா" என்று வந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்ப வேண்டும்.