கந்துவட்டிக்குச் சட்டம், கார்டு வட்டிக்கு?

 

கந்துவட்டிக்காரரைச் சிறைக்கு அனுப்ப 2003ல் தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. குளிரூட்டிய அறைகளில் அமர்ந்து கிரெடிட் கார்டு வழியே வங்கிகள் வாங்கும் வட்டிக்கு வரம்பு எங்கே?

ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வங்கிகள் கறப்பதைக் கண்ட தேசிய நுகர்வோர் ஆணையம், 30 சதவீதத்திற்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகமுறை என 2008ல் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்சநீதிமன்றம் சென்றன. ஒப்பந்தத்தை மாற்றி எழுத ஆணையத்திற்கு அதிகாரமில்லை என்று 2024 டிசம்பர் 20ல் அத்தீர்ப்பு ரத்தானது.

கேட்காதவருக்குக் கார்டு கொடுக்கக் கூடாது என 2022ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் வட்டி இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் ஓர் எண் இல்லையே!

வட்டி நமக்கு ஹராம். எனவே இது நம் பிரச்சினை அல்ல என்று ஒதுங்கலாமா? நம் இளைஞர்களின் சட்டைப் பையிலும் இந்த அட்டை இருக்கிறது. ‘குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்’ என்ற வரிதான் தூண்டில். அதை நம்பி மீதியை நிறுத்தி வைத்தால், அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சிக்கித் தவிக்கும் அண்டை வீட்டார் எம்மதத்தவரானாலும் அவருக்காகக் குரல் கொடுப்பது நம் கடமை.

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது மார்க்கம். அபராதத்தைக் கூட்டச் சொல்கிறது வங்கி.

ஆணையத்திற்கு இல்லாத அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உண்டு. வட்டிக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் கேட்டு உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஜமாஅத்துகள் தோறும் மனு அனுப்புங்கள். அதற்கு முன், முழுத்தொகையையும் கட்ட முடியாத கார்டை இன்றே திருப்பிக் கொடுங்கள்!