பரம்பரையின் மேல் பழி போடுவதா?

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெளிவான பெயர் ஒன்று தமிழில் இருக்க, அதை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் நாம். ஒரு தாய் அந்நோயால் மாண்டால், "அது அந்தக் குடும்பத்துப் பரம்பரை நோய்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவள் மகளுக்கு வரும் வரனையும் தட்டிக் கழிக்கிறோம். எழுத்தறியாதார் மட்டுமா இவ்வாறு பேசுகின்றனர்? ஆசிரியர் அறைகளிலும் இக்குரலைக் கேட்டிருக்கிறேன். ஆதலின்தான் இதனை எழுத நேர்ந்தது.

உண்மை யாது? இந்நோய்க்கு வித்து, மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நச்சுயிரி. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனும் அவர் குழுவினரும் 1983இல் அதன் 16ஆம் வகையையும், மறு ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுக் கட்டிகளில் கண்டறிந்தனர். அதன் பொருட்டு 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. இந்நோய் காணும் பெண்களுள் 100க்கு 70 பேருக்கு இவ்விரு வகைகளே காரணம்.

அப்படியாயின் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு; மறைப்பானேன்? தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருப்பின், ஒருத்திக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. புகுந்த நச்சுயிரியை விரட்டும் ஆற்றல் எல்லார்க்கும் ஒரே அளவாய் அமைவதில்லை. அதில் ஒரு கூறு வழிவழி வருவது. ஆனால் ஒரு குடும்பத்தார் குருதியை மட்டுமா பகிர்கின்றனர்? வறுமையையும் பழக்கங்களையும் சேர்த்தல்லவா பகிர்கின்றனர்! புகைப்பவளின் கருப்பை வாய்ச் சளியிலேயே புகையிலை நஞ்சு காணப்பட்டுள்ளது. இளவயதில் மணம், அடுத்தடுத்துப் பல பேறு, 5 ஆண்டுகளுக்கு மேல் கருத்தடை மாத்திரை, எய்ட்ஸ் கிருமியால் குன்றிய உடல் ஆகிய யாவும் நச்சுயிரிக்குத் துணை நிற்பவை. இவற்றை மாற்ற இயலும். பாட்டியை மாற்ற இயலுமா?

இது ஒழுக்கக்கேட்டின் கூலி என்பாரும் உளர். அவர்க்கு ஒரு சொல்: மணவாழ்வு கண்ட ஆண் பெண் இருபாலாருள் பெரும்பாலோரை இந்நச்சுயிரி வாழ்வில் ஒருமுறையேனும் தொடுகிறது, பெரும்பாலோரிடம் ஈராண்டுக்குள் தானே மறைகிறது. மறையாமல் தங்கியவரிடத்தும் அது புற்றாய் முற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இத்துணை நீண்ட தவணை தரும் நோய்க்கு நம் பெண்களைப் பலி கொடுப்பது நாணமேயன்றி வேறில்லை.

ஆறாம் ஆண்டில் நம்மிடம் பயிலும் சிறுமி, மறு ஆண்டு முதலாம் படிவம் செல்கிறாள். அவ்வயது மாணவியர்க்கு இலவசத் தடுப்பூசி போடும் திட்டத்தை மலேசிய அரசு 2010இல் தொடங்கியது. பெற்றோர் கையொப்பம் கேட்டு ஒரு பாரம் வீட்டுக்கு வரும். அது எதற்கென்று அறியாத தாய், மகளுக்கு என்னவோ ஆகிவிடுமென்று அஞ்சி மறுத்தால், குற்றம் அவளுடையதா, அவளுக்குத் தமிழில் விளக்காத நம்முடையதா? "விளக்கினால் பிள்ளை கெட்டுவிடும்" என்கின்றனர் சிலர். அம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் ஊசி போட்டதால் எந்தப் பிள்ளை கெட்டது?

தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. ஆதலின் ஊசி போட்டவளும் பின்னாளில் சோதனையைக் கைவிடலாகாது. ஊசியின் பருவம் கடந்த தாய்மார்க்குச் சோதனையே அரண். குடும்பத்தில் இந்நோய் கண்டவர்க்கு அது இருமடங்கு கட்டாயம். அரசாங்கக் கிளினிக்குகளில் அதற்கு வழியுண்டு. தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டியின் வரவு செலவுக்கு ஒரு மணி நேரம் வாதாடுகிறோமே, சுகாதாரத் தாதி ஒருவர் இதைப் பேசப் பத்து நிமிடம் கிடையாதா?