கரண்ட் எதுவரை வந்தது?

பழைய பெட்ரோல் வண்டி கிளம்ப மறுத்தால் முதல் பழி காயில் மேல் விழும். அடுத்தது கண்டன்சர். அதற்கடுத்து பிளக்குகள். மூன்றையும் மாற்றிய பிறகும் வண்டி அசையவில்லை என்றால் மெக்கானிக்கை மாற்றுவார்கள். கடைசியில் உண்மையான காரணம் ஒரு தேய்ந்துபோன வயராக இருக்கும். அதன் விலை சொற்பம். அதற்குள் செலவான பணத்தில் இரண்டு நாள் டீசலோ பெட்ரோலோ போட்டிருக்கலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ.யில் நெய்யாற்றின்கரை. அதைத் தாண்டிப் பாறசாலை. அதற்கும் அப்பால் களியக்காவிளையில் தமிழ்நாடு ஆரம்பம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியின் தென்கோடித் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. எல்லைக் கிராமங்களில் இன்றும் இரண்டு மொழிகளும் கலந்தே புழங்குகின்றன. ஒர்க்‌ஷாப்பிலும் அதே கதைதான்.

இங்கே ஏத்தன் குலையும் மரச்சீனியும் சந்தைக்குப் போவது சின்ன வண்டிகளில். இப்போது பெரும்பாலும் டீசல் வண்டிகள். 2005-இல் டாட்டா ஏஸ் வந்த பிறகு அந்த ரகம் எங்கும் பரவிவிட்டது. டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை; காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பொறி வராத தலைவலியெல்லாம் பழைய பெட்ரோல் ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி பிக்கப்பாக மாற்றி ஓட்டுகிறவருக்குத்தான். மகீந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது 1949-இல். அந்த வம்சத்து எஞ்சினை ஓட்டிப் பிழைப்பவருக்கு விடிகாலை 4 மணிக்கு வண்டி கிளம்பவில்லை என்றால், காலைச் சந்தை போயிற்று. மதியம் போய்ச் சேரும் குலைக்கு மதிய விலைதான்.

நோயைக் கண்டுபிடிக்க முதலில் பாதை தெரியவேண்டும். பேட்டரியின் 12 வோல்ட், சாவி ஸ்விட்ச் வழியாகக் காயிலுக்கு வருகிறது. காயிலுக்குள் இரண்டு சுருள்கள். முதல் சுருளைக் கடந்த கரண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. எஞ்சின் சுற்றும்போது பாயிண்ட் மூடித் திறக்கும். திறக்கும் அந்தக் கணத்தில் ஓட்டம் அறுபட்டு, இரண்டாவது சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் விதிதான் அடிப்படை. அந்த உயர் அழுத்த மின்சாரம் தடித்த வயரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, ரோட்டார் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரிகிறது. பாயிண்ட்டோடு சேர்ந்திருக்கும் கண்டன்சர், திறக்கும்போது பாயிண்ட் கருகாமல் காக்கிறது. ஓட்டம் சட்டென்று அறுபடவும் உதவுகிறது.

பாறசாலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால் அமரவிளையில் வணிக வரிச் சோதனைச் சாவடி இருந்தது. நாகர்கோவிலிலிருந்து கிளம்பிய லோடு வந்து சேரவில்லை என்றால் வியாபாரி புது லாரியா வாங்குவார்? களியக்காவிளை தாண்டியதா, அமரவிளை தாண்டியதா என்றுதான் விசாரிப்பார். ஒன்றைத் தாண்டி மற்றதைத் தாண்டவில்லை என்றால், சரக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கரண்டையும் அப்படித்தான் விசாரிக்கவேண்டும்.

செல்ஃப் நன்றாக எடுக்கிறதா? எடுத்தால் பேட்டரி மீது பெரிய குற்றமில்லை. அடுத்த கேள்வியைப் பாதையின் நடுவில் கேளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்கு 6 மி.மீ. தூரத்தில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக்கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம். உள்ளிருக்கும் மாட்யூல் கெட்டுவிடலாம்.

நீல நிறத்தில் 'சடக்'கென்று பொறி பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் நிரபராதிகள். தப்பு மூடியிலோ ரோட்டாரிலோ பிளக் வயர்களிலோ பிளக்குகளிலோ இருக்கிறது. இடவப்பாதி மழை, துலாவர்ஷம் என்று இரண்டு பருவமும் நனைக்கும் ஊர் இது. மூடிக்குள் வேர்த்திருக்கும் ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். மூடியில் பென்சில் கோடு போல மெல்லிய கருப்பு விரிசல் தெரிந்தால் மட்டும் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பொறியே இல்லையா? 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு வயர் துண்டுகள் போதும். ஒரு முனையை எர்த்தில் கவ்வி, சாவியைப் போட்டு, மறுமுனையைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் தொடுங்கள். எரியவில்லை என்றால் ஸ்விட்ச்சையும் அதன் வயரையும் பாருங்கள். எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு மாற்றித் தொட்டு செல்ஃப் அடியுங்கள். பல்பு மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. சந்தேகம் கண்டன்சர் மீதும், காயிலின் இரண்டாவது சுருள் மீதும், நடு வயர் மீதும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை: அழுக்கு, அதிக இடைவெளி அல்லது அறுந்த வயர். ரோட்டார் சுற்றுகிறதா என்பதையும் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். எரியவே இல்லை என்றால் அந்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றி மீண்டும் தொடுங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்லது. அதற்கப்பால் பாயிண்ட் திறக்காமலோ, எங்கோ எர்த்தில் உராய்ந்தோ நிற்கிறது. அப்போதும் எரியாவிட்டால்தான் காயிலின் முதல் சுருள் அறுந்தது என்று அர்த்தம்.

"ஆசானே, காயிலு போச்சு" என்று வருகிற டிரைவரிடம் எல்லைப்புறத்துப் பழைய மெக்கானிக் கேட்பார்: "மக்களே, ஆராக்கும் சொன்னது?" அந்தக் கேள்வியில் பல நூறு ரூபாய் மிச்சம்.

இதோடு வேலை முடியவில்லை. பாயிண்ட் கருகியிருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் வண்டி கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் கருகியது? கண்டன்சர் பலவீனமாக இருந்தால் புதுப் பாயிண்ட்டும் கருகும். வண்டி மறுபடி நிற்கும்; இந்த முறை வீட்டு வாசலில் அல்ல, லோடோடு நடுவழியில். இன்னொரு கள்ளனும் உண்டு. சூடானால் படுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆறி எழுந்துவிடும் காயில். அது ஆறிய பிறகு எத்தனை சோதனை செய்தாலும் தேறிவிடும். வண்டி நிற்கும்போதே, சூட்டோடு சோதித்தால்தான் அகப்படும்.

புது வண்டிகளில் பாயிண்ட் கிடையாது. கோளாறின் எண்ணைக் கருவி காட்டும். ஆனால் எண் சொல்வது எந்தப் பக்கம் தேடலாம் என்பதைத்தான். சென்சார் பெயர் திரையில் வந்ததும் வயரைப் பார்க்காமல் சென்சாரை மாற்றுகிறவர், காயிலை மாற்றியவரின் வாரிசு. பழைய காயில் சில நூறோடு விட்டது. இவர் ஆயிரங்களில் செலவு வைப்பார்.

எனவே, அடுத்த முறை "செட்டோடு மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால், பர்ஸை எடுக்குமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கரண்ட் எதுவரை வந்திருக்கு?" பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைத் தாராளமாக விடலாம்.