அரசனுக்கு எந்த உடுப்பு?

சரித்திர நாடகத்திற்கு வேடம் புனைவோர் முதலிலே தேடுவது பட்டும் சரிகையும். அக்காலத்தில் எதனை யார் உடுத்தலாம், யார் உடுத்தலாகாது என்று கேட்டறிந்த பின்னரே துணிக்கடைக்குச் செல்லவேண்டுமென்பது நமது கருத்து. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை மேடையேற்ற விரும்பும் மாணவர்க்கு இது மிகவும் பொருந்தும்.

மன்னனுக்குத் தென்னாட்டுத் தலைப்பாகை, பிரதானிகளுக்கு நாற்கோணத் தொப்பி என்று பிரித்துவிட்டால் இரு இனங்களும் எதிரெதிரே நின்றுவிடும். கைதட்டலும் கிடைக்கும். ஆயின் அது சரித்திரமாகாது. 1739இல் அரியணையேறிய நாயக்க மரபினர் தெலுங்கு வழியினர். அவர்களுள் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1753இல் சீயத்துப் பிக்குகளை வரவழைத்து உபசம்பதையை மீட்டான். நமது சிலாபக் கரையிலுள்ள முன்னேசுவரத்தைப் புதுப்பித்தவனும் அவனே. தம்புள்ளைக் குகையில் அவனுடைய சிலை இருக்கிறது. வேடம் புனைவோர் நேரிற் சென்று பார்த்து வரைந்து வருவார்களாக.

இனவுணர்ச்சி அன்று இல்லையென்று நாம் கூறவில்லை. 1760இல் அவனுக்கெதிராகச் சதி செய்தோர், அவன் நீறணிவதையும் ஒரு குற்றமாகக் கொண்டனர். 1815 மார்ச் 2ஆந் தேதிய கண்டி ஒப்பந்தமோ ‘மலபார்’ குலத்தார் எவரும் இனி அரசுரிமை கோரலாகாதென விலக்கிற்று. நெற்றியிலே ஒரு கீற்று நீறு, இதைக் காட்டப் போதும். உடல் முழுவதும் வேறு உடை வேண்டுவதில்லை.

உடை உரக்கப் பேசியது சாதியைத்தான். இடையிலே பல சுற்றுச் சுற்றிய வெண்துணியும், தோளிற் புடைத்த கைச்சட்டையும் பிரதானிக்கு உரியன. (அத்துணிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘துப்பொட்டி’ என்ற பெயர் நமது துப்பட்டியை நினைவூட்டவில்லையா?) ரொடியர் குலப் பெண்களுக்கோ மேலாடையே மறுக்கப்பட்டிருந்தது. தமிழர் நாம் இதைக் கண்டு முகஞ்சுளிக்க நியாயமில்லை. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள 1859இல் அரச பிரகடனம் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் தோளிற் சால்வை போட உரிமையற்றோர் நெடுங்காலம் இருந்தனர்.

ஆதலால் மன்னனின் மகுடத்திற்குச் செலவிடும் பணத்தைச் சற்றுக் குறைத்து, சாதாரண மாந்தரின் உடையிலே கவனஞ் செலுத்துங்கள். 1766இல் நமது கரை ஒல்லாந்தர் வசமான பின்பும், புத்தளம், சிலாபத்து உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமை கண்டியார்க்கு இருந்தது. பொதிமாட்டுடன் உப்புக்காரன் ஒருவன் காட்சியிலே வரட்டும். முழந்தாளுக்கு மேலே ஒரு முரட்டு வேட்டி, தோளிலே ஒரு துண்டு. பிரதானி எதிர்ப்பட்டதும் அத்துண்டு அரைக்கு இறங்கட்டும். அவனுக்கு வசனம் எழுதவேண்டியதில்லை.