வேண்டுமளவு

இடைச்சொற்களைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவரிடம் ஒரு வினாவை எழுப்புவது நம் வழக்கம். 'அவன் வந்தான்', 'அவனும் வந்தான்', 'அவனே வந்தான்' - இம்மூன்றிலும் வந்தவன் ஒருவன்தான், செய்தியும் ஒன்றுதானா? தனித்து நிற்க இயலாத ஒரு சிற்றுறுப்பு வாக்கியத்தின் பொருளையே திருப்பிவிடுவதை அவர்கள் உடனே கண்டுகொள்வர். மருந்துகளிலும் இத்தகைய இடைச்சொற்கள் உண்டு. அவற்றைச் 'செயலற்ற பொருள்கள்' என்று அழைப்பதே பிழை என்பது நம் கருத்து.

பல மாத்திரைகளில் நோய் தீர்க்கும் மருந்து சிறு பங்கே. ஏனையவை மாவுப்பொருள், பாற்சர்க்கரை, பிணைப்பான், நிறமி, இனிப்பு முதலியன, நீர்மருந்தாயின் கரைப்பான். இவை நோயைத் தீர்ப்பதில்லை. ஆயின் மருந்து குடலில் எப்போது கரையும், எவ்வளவு குருதியில் சேரும் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. 1968இல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான பெனிடாயின் கேப்சூலில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டை நீக்கிப் பாற்சர்க்கரையைச் சேர்த்தனர். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் குடல் முன்னினும் மிகுதியாக மருந்தை உறிஞ்சியது. நோயாளிகள் பலர் மருந்தே நஞ்சாகித் தள்ளாடினர். சார்பிட்டால், மானிட்டால் போன்ற இனிப்புகள் மிகுந்தாலோ, சில மருந்துகள் சிறுகுடலை விரைந்து கடந்துவிடும். உறிஞ்சப்படுவதற்குப் போதிய நேரம் கிட்டாது. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 136 துணைப்பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் 24, மருந்தைக் குடற்சுவரினூடே கொண்டுசெல்லும் ஒரு புரதத்தின் பணியைத் தடுத்தன. நிறமிகள் சிலவற்றைக் குடல்வாழ் நுண்ணுயிர்கள் சிதைத்து அத்தடையை நீக்குவதையும் அவ்வாய்வு காட்டியது.

நம் சித்த மருத்துவர்கள் இதனை வேறொரு வகையில் எண்ணியிருந்தனர். ஒரே பற்பத்தைத் தேனிலோ நெய்யிலோ வெந்நீரிலோ நோய்க்கேற்பக் குழைத்துத் தருவர். அதற்கு அனுபானம் என்று பெயர். பழமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. உடன் செல்வதும் மருந்தின் பகுதியே என்னும் எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று என்பதற்காகவே சொல்கிறோம்.

அந்த எண்ணத்தை மறந்ததன் விலையை நம் ஊர்ப்பக்கமே கண்டது. ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் சுங்குவார்சத்திரம். அங்கிருந்த ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தை அருந்திய குழந்தைகள், 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய சோதனையில் டைஎதிலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு. நிறுவனத்தின் உரிமம் அக்டோபரிலேயே நீக்கப்பட்டது.

'அது கலப்பட நஞ்சு. துணைப்பொருளின் மேல் ஏன் பழி?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்நஞ்சு எந்த வாயிலால் நுழைந்தது என்று பாருங்கள். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் வழியாக அன்று; கரைப்பான் வழியாக. புரொப்பிலீன் கிளைக்காலைப் போலவே இதுவும் இனிக்கும், மருந்தைக் கரைக்கும், விலையும் குறைவு. குடலோ இதனைத் தடையின்றி விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். 1937இல் அமெரிக்காவில் இதே கரைப்பான் நூறு பேருக்கு மேல் உயிர்குடித்தது. மறு ஆண்டே அங்கே புதுச்சட்டம் வந்தது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து 14 பேரைக் கொன்றது. ஒவ்வொரு முறையும் காவலில்லாத வாயில் அதுவே. செயலற்றது என்று பெயரிட்ட பொருளை யார் ஐயுறுவார்?

மருந்துப் புட்டியைக் கையிலெடுத்துப் பாருங்கள். முதன்மை மருந்து மில்லிகிராம் கணக்கில் இருக்கும். பெரும்பாலான புட்டிகளில் ஏனையவை 'எக்ஸிபியன்ட்ஸ் கியூ.எஸ்.' என்ற சொற்களுள் அடங்கிவிடும். கியூ.எஸ். என்பது வேண்டுமளவு எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். யாருக்கு வேண்டுமளவு?

நம் வேண்டுகோள் இரண்டு. துணைப்பொருள் ஒவ்வொன்றின் பெயரும் புட்டியின்மேல் அச்சாக வேண்டும். கரைப்பானின் ஒவ்வொரு பீப்பாயும் கலவைக்குச் செல்லுமுன் சோதிக்கப்பட்டதற்கான சான்றை அரசு பொதுவில் வைக்க வேண்டும். கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் இத்தொழில்தடத்தில், ஒரு திருகாணி பழுதென்றால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ஒழுங்கு அறியாததன்று. குழந்தையின் வாயில் ஊற்றும் ஒரு கரண்டி மருந்துக்கு அவ்வொழுங்கைக் கேட்பது மிகையாகுமா?